கண்வலிப் பூ

எங்க தோட்டத்துக் கிளுவை வேலியில வருசா வருசம் மழைக்கு ஒரு கொடி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில வேலியே பத்தி எரியற மாதிரி பூத்துக் கிடக்கும். புத்தகத்தில் இதற்குச் செங்காந்தள் என்று பேர். நம்ம மாநிலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதல் பூவும் இதுதான். எங்க ஊரில் வெறும் கண்வலிப் பூ.

அடையாளம் சுலபம். ஆறு இதழ், ஓரமெல்லாம் நெளிநெளியாக மேல்பார்த்து நிற்கும். விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் நல்ல சிவப்பு. பூ இல்லாவிட்டால் இலையைப் பாருங்க. நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும்.

"உத்துப் பாக்காதே சாமி, கண்ணு வலிக்கும்" என்று அப்பத்தா சொல்லும். அந்தப் பயத்தில் வேலிப் பக்கமே போகமாட்டோம்.

என் மகளிடம், "அதெல்லாம் சும்மா கண்ணு, நல்லாப் பாத்துக்கோ" என்றேன். மூடநம்பிக்கையை ஒழிச்ச பெருமை எனக்கு.

போன தை மாசம் வேலியோரம் மண் வெட்டிக்கிட்டிருந்தேன். கொடி காய்ந்து சுவடே இல்லை. மம்பட்டியில் பெயர்ந்த கிழங்கு ஒன்றை அவள் கழுவி எடுத்துவந்து, "அப்பா, சுட்டுத் தின்னலாமா?" என்று நின்றாள். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்றும் இதற்குப் பேர் உண்டு. எனக்குக் கை நடுங்கிப்போச்சு. பிடுங்கி எறிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாயில் வச்சியா என்று பத்துத் தடவை கேட்டேன். வைக்கவில்லை.

இதில் இருப்பது கோல்ச்சிசின். அளந்து கொடுத்தால் கௌட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். அளவு மீறினால் உயிரை எடுக்கும். சுட்டாலும் வேகவைத்தாலும் விஷம் போகாது. வாந்தி, பேதி தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், மிச்சக் கிழங்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அப்பத்தா சொன்னது பொய்தான். ஆனா அந்தப் பொய்தான் எங்களுக்கும் கிழங்குக்கும் நடுவுல நின்னுச்சு. நான் அதை எடுத்துப் போட்டேன், அந்த இடத்துல எதையும் வைக்கல.

கொடியை இன்னும் வெட்டவில்லை. லீவுக்கு வந்த டவுன் பிள்ளைகளிடம் என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எவ்ளோ வேணா பாருங்க. தொடாதீங்க. கிழங்கு விஷம்."