சிறிய கண்ணாடியும் எங்கள் வேம்பும்

கண்ணுக்குப் புலனாவது மட்டுமே ஒளியன்று. சிவப்புக்கு அப்பாலும் கதிர்கள் உண்டென்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். அவற்றை அகச்சிவப்புக் கதிர்கள் என்பர். அக்கதிர்களால் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களை 1910ஆம் ஆண்டில் ராபர்ட் வுட் வெளியிட்டார். அவற்றில் பச்சை இலைகள் வெண்பனி போர்த்தவை போலவும், நீலவானம் கருத்தும் தோன்றின.

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழும் எங்களுக்கு இக்கலையில் நாட்டம் பிறந்தது ஒரு வேப்ப மரத்தால். எட்டு ஆண்டுகள் எங்கள் வாயிலில் நிழல் தந்த மரம் அது. சென்ற மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிச் செல்லலாம். மரத்தைக் கட்டிச் செல்ல இயலுமா? படமாகவேனும் உடன்கொண்டு செல்ல விழைந்தோம்.

எங்கள் லென்ஸின் வாய் 67 மில்லிமீட்டர். அதற்கேற்ற அகச்சிவப்பு பில்டரின் விலை, வீடு மாற்றும் செலவை எதிர்நோக்கும் குமாஸ்தா குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. நண்பர் ஒருவர் அன்புடன் அளித்த 52 மில்லிமீட்டர் பில்டரே கையிலிருந்தது. இரண்டையும் இணைக்கும் உலோக வளையத்தைச் சிறு தொகைக்கு வாங்கினோம்.

அகன்ற காட்சியில் நான்கு மூலைகளும் இருண்டன. சாய்ந்து வரும் கதிர்களைச் சிறு வளையத்தின் விளிம்பு மறைப்பதே காரணம். தெருவின் எதிர்ப்புறம் சென்று, லென்ஸைத் திருகிக் காட்சியைக் குறுக்கினோம், இருள் அகன்றது. தெரு முழுதும் படத்தில் அடங்கவில்லை, மரம் அடங்கியது.

பில்டரை மாட்டியபின் பார்வைத் துளையில் ஏதும் தெரியாது. ஆதலால் முக்காலியில் கேமராவை நிறுத்தி, முன்னரே காட்சியை அமைத்துக்கொண்டோம். டிஜிட்டல் கேமராவினுள் அகச்சிவப்பைத் தடுக்கும் மற்றொரு கண்ணாடி இருப்பதால், நல்ல வெயிலிலும் 20 விநாடி தேவைப்பட்டது. பில்டர் இருளாய்த் தோன்றுகிறதென்று அதன் வழியே கதிரவனைப் பார்த்தலாகாது, கண்ணுக்குக் கேடு.

கருப்பு வெள்ளையாக்கிய படத்தைக் கண்ட எங்கள் தாயார், “மரமும் என்னைப் போல் நரைத்துவிட்டதே!” என்றார். தழைத்த இலை சிவப்பொளியைத் தன் உணவாக்கத்துக்கு ஏற்று, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் வரும் வெண்மை இது என்று விளக்கினோம். “அப்படியானால் இது உயிருள்ள வெள்ளை” என்று மகிழ்ந்து, படத்தைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அன்பர்களே! ஊர்விட்டு ஊர் மாறுவது நம்மனோர்க்குப் புதிதன்று. பெரிய கண்ணாடி இல்லையேயென்று தயங்க வேண்டா. மறக்கலாகாத ஒன்றைத் தேர்ந்து, அதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சிறிய கண்ணாடியே போதும்.