கல்வெட்டும் வன்தட்டும்

மலராசிரியர் கேட்டது கல்லூரி நினைவு. யான் தருவதோ தொழில் நினைவு. அன்பர்கள் பொறுத்தருள்க.

2003ஆம் ஆண்டு முதல் எங்கள் சிறிய அச்சகத்திலே அந்தியேட்டிக் கல்வெட்டுக்கள் பல கணினியில் உருவாயின. எழுத்து பாமினி, பக்கம் அமைத்தது பேஜ்மேக்கர். கல்வெட்டென்றால் தேவாரமும் இரங்கலும் மாத்திரமல்ல, குடும்பத்தின் வமிசாவளியும் அதிலேயே உண்டு. இடப்பெயர்வுகளிற் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு எஞ்சிய சான்று அதுவே.

கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் தாயாரின் கல்வெட்டைக் கேட்டெழுதினார். அச்சுப்பிரதி கைவசமில்லை. கோப்பு இருந்தது, புதிய கணினி அதனைத் திறக்க மறுத்தது. பழைய கணினியோ முனகத் தொடங்கிவிட்டது.

"மாமா, பழைய வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கினால், புதிய கணினிக்குள்ளேயே பழையதை ஓடவிடலாம்" என்றான் மருமகன். மெய்நிகர் கணினி என்பது இதுவே.

எந்த வடிவக் கோப்பு என்பதிலேதான் சிக்கல். வேர்ச்சுவல் பொக்ஸுக்கு வி.டி.ஐ., விஎம்வெயருக்கு வி.எம்.டி.கே. என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று உரியது. மைக்ரோசொப்டின் வி.எச்.டி. ஏறத்தாழ 2 டெராபைட்டுடன் நின்றுவிடும். 2012இல் வந்த வி.எச்.டி.எக்ஸ். 64 டெராபைட் கொள்ளும். தன் அட்டவணையிற் செய்யும் மாற்றங்களை முன்னரே குறித்துவைப்பதால் திடீர் மின்தடையையும் தாங்கவல்லது. 2022இன் மின்வெட்டுக்களைக் கண்ட நமக்கு இது சிறிய குணமன்று.

இவற்றைப் பெரும்பாலும் வளரும் கோப்பாகவே அமைப்பர். இடம் மிச்சம், ஆயின் எத்துண்டு எங்கேயென்னும் அட்டவணை கெட்டால், கயிறறுந்து இதழ் கலைந்த ஏட்டுச்சுவடியின் கதிதான். என் முதற்பிரதி அவ்வாறே ஓரிரவு மின்வெட்டிற் போயிற்று. மறுபிரதி எடுத்துவையாதது என் தவறே. நல்லகாலம், பழைய தட்டு இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை நிலையளவு வி.எச்.டி.யைத் தேர்ந்தேன். அதிலே தட்டின் பைட்டுக்கள் இருந்த ஒழுங்கிலேயே நிற்கும். வாலில் 512 பைட் குறிப்பு மாத்திரம் சேரும். அந்த வாலை நறுக்கிவிட்டால் மிஞ்சுவது தட்டின் நேர்ப்பிரதி. அதை உண்டாக்கிய மென்பொருள் நாளை மறைந்தாலும் பிறிதொன்று படிக்கும். 40 கிகாபைட் தட்டுக்கு 40 கிகாபைட் கோப்பு. உள்ளே கால்வாசிகூட நிரம்பவில்லை. மருமகன் சிரித்தான். அன்றாட வேலைக்கு அவன் அதிலிருந்தே வி.டி.ஐ. ஒன்று மாற்றியெடுத்தான். பருத்த கோப்பு இரண்டு வெளித்தட்டுக்களில், இரண்டு வீடுகளில் இருக்கின்றது.

கல்வெட்டைத் திறந்து கனடாவுக்கு அனுப்பினோம். மறுநாளே பதில் வந்தது. வமிசாவளியில் அவருடைய சிற்றன்னையின் பெயரில் ஓரெழுத்துப் பிழையாம். திருத்தித் தருவதாக எழுதியிருக்கின்றேன்.