ஸ்டாப் பொத்தான்

என் ரசனையை வளர்த்த ஆல்பங்கள் எவை என்று யார் கேட்டாலும் மளமளவென்று ஒப்பிப்பேன். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’, இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’, ‘நத்திங் பட் விண்ட்’. முதல் இரண்டையும் முழுசாகக் கேட்டதே நாற்பது வயதுக்கு மேல்தான். யாராவது துருவிக் கேட்டால் மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் கேட்டது. ராஜாவின் இரண்டும் பொய்யில்லை. ஆனால் அதில் ஒன்று என் வீட்டுக்குள் வந்த விதம் யோக்கியமானதல்ல.

1986இல் ‘ஹௌ டு நேம் இட்?’ வந்தபோது நான் கல்லூரி மாணவன். தியாகராஜருக்கும் பாக்குக்கும் ராஜா சமர்ப்பணம் செய்த தொகுப்பு அது. பாக் தனி வயலினுக்கு எழுதிய ஓர் உருப்படியை வி.எஸ்.நரசிம்மன் வாசித்துக்கொண்டே போக, ராஜாவின் வயலின் கூட்டம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும் இடம் ஒன்று உண்டு. இன்று கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும். அன்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் டீக்கடை பெஞ்சில் ‘ஃப்யூக்’, ‘கவுண்டர்பாயிண்ட்’ என்று அளந்துவிடுவேன். எதிரே இருப்பவனுக்கும் தெரியாது என்பதுதான் தைரியம்.

1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். நண்பனிடம் ஒரே ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி வந்தேன், காலையில் திருப்பித் தரவேண்டும். வீட்டில் டபுள் டெக் இருந்தது, வெற்று கேசட் இல்லை, கடை மூடியிருந்தது. அலமாரியில் அம்மாவின் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு கேசட் இருந்தது.

கம்பெனி கேசட்டில் யாரும் மேலே பதிந்துவிடக்கூடாது என்று முதுகுப்பக்கம் இரண்டு பொடிச் சில்லுகளை உடைத்தே விற்பார்கள். அந்த ஓட்டைகளின் மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் ரிக்கார்ட் பொத்தான் இறங்கிவிடும். டேப்பை நிதானமாகக் கத்தரித்து, ஓரம் பிசிறாமல் ஒட்டினேன். கைதவறிச் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை.

கடை மூடியிருந்தது என்பதும் பாதிக் காரணம்தான். நண்பர்கள் வரும்போதெல்லாம் அந்த கேசட்டைப் பின்வரிசைக்குத் தள்ளிவைப்பவன் நான். சினிமாவில் அத்தனை கிறக்கமாகப் பாடிய ஈஸ்வரி, அம்மன் சந்நிதியில் நின்று அதே குரலை உச்சத்துக்கு ஏற்றுவதை ‘ஆடி மாச லவுட்ஸ்பீக்கர் சங்கதி’ என்று நக்கலடித்திருக்கிறேன். அழிந்தால் அழியட்டும் என்றுதான் இருந்தது.

முழுசாக அழியவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. புல்லாங்குழல் ஓய்ந்த பிறகும் நாடா கொஞ்சம் மிச்சமிருந்தது. சின்ன மௌனம். அப்புறம் சரணத்தின் நடுவிலிருந்து ஈஸ்வரி பாய்ந்து வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிலிருந்து, கடைசி உருப்படி முடியும் தறுவாயில் எழுந்துபோய் ஸ்டாப்பை அழுத்துவது என் வேலையாயிற்று. என்ன கண்மூடி லயித்தாலும் காது அந்த முடிவுக்காகவே காத்திருக்கும். சௌராசியாவை அப்படித்தான் கேட்டேன், திருடன் தெருவைக் கேட்பதுபோல.

ஆடி பிறந்ததும் அம்மா தேடினாள். “டேப் சிக்கிடுச்சும்மா, தூக்கிப் போட்டுட்டேன்” என்றேன். “போனா போவுது விடு” என்றாள். வேறு வாங்கித் தரலாம் என்று அப்போது தோன்றவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு தோன்றியது, செய்யவில்லை. நீல, மஞ்சள் அட்டை போட்ட இறக்குமதி சி.டி.க்களாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் அம்மாவின் போனில் ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். பழைய பதிவுகள்தான், குரலும் அதேதான். இரண்டு பாட்டு தலையாட்டிக் கேட்டவள், மூன்றாவது தொடங்கியதும் நெற்றியைச் சுருக்கினாள்.

“இதுக்கப்புறம் இது வராதேடா. நம்ம கேசட்டுல வேற பாட்டுல்ல வரும்?”

“இதுல அப்படித்தாம்மா வரும். கலந்து கலந்து போடுவான்” என்றேன்.