மெதுவாகப் பறக்கும் விமானம்

இம்மாதம் உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்கிறேன். வட அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் கிடக்கிறது அலாஸ்கா. நமது இலங்கையைப் போல் சுமார் 26 மடங்கு பெரியது. ஆனால் அங்குள்ள பெரும்பாலான கிராமங்களுக்கு வெளியிலிருந்து வீதியே கிடையாது. தலைநகர் ஜூனோவின் நிலையும் அதுதான்! மலையும் பனியாறும் சதுப்பு நிலமும் குறுக்கே கிடக்கின்றன. அப்படியானால் மாவும் மருந்தும் எப்படிப் போகும்? நோயாளியை எப்படிக் கொண்டுவருவது?

அதற்குத்தான் சின்ன விமானங்கள். அவற்றுள் பேர்பெற்றது 1949இல் வெளிவந்த ‘பைப்பர் சுப்பர் கப்’. உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடம்பு. முன்னும் பின்னுமாக இரண்டே ஆசனங்கள். விமானமென்றால் வேகம் என்றுதானே நினைக்கிறோம்? இதன் பெருமையோ மெதுவாகப் பறப்பதில் இருக்கிறது. வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர் அளவுக்குக் குறையும் வரை இறக்கை அதைத் தாங்கிக்கொள்ளும். நம்மூர் பஸ் சில வேளை அதைவிட வேகமாக ஓடும்! மெதுவாக வந்து இறங்குவதால் சில நூறு அடி நிலத்துக்குள் நின்றுவிடும்.

தார் போட்ட ஓடுபாதை வேண்டாம், ஆற்றோரக் கூழாங்கல் திட்டே போதும். அதற்காகக் காற்றைக் குறைவாக அடைத்த பென்னம்பெரிய டயர்கள். மூன்றாவது சில்லு வாலின் கீழே இருப்பதால் மூக்கு நிமிர்ந்து நிற்கும். முன்னால் சுழலும் விசிறி கல்லில் படாது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பற்றைகளில் மோதாது. பனிக்காலத்தில் சில்லுக்குப் பதிலாகச் சறுக்குக்கட்டை பூட்டுவார்கள். சரிவான நிலமென்றால் மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்புவார்கள்.

அங்கே முன்னோடிகளில் ஒருவர் பென் ஐல்சன். அவர் அலாஸ்காவுக்குப் போனது பள்ளிக்கூட ஆசிரியராக! (ஆசிரியனான எனக்கு இதில் சிறு பெருமை.) 1924 பெப்ரவரியில் பெயார்பாங்க்ஸிலிருந்து மக்ராத்துக்குத் தபாலுடன் பறந்தார். நாய்கள் இழுக்கும் பனிவண்டி வாரக்கணக்கில் போகும் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் கடந்தார். 1929 நவம்பரில், சைபீரியக் கரையோரம் பனிக்கட்டியில் சிக்கிய கப்பலொன்றை நோக்கிப் போகையில் புயலில் அகப்பட்டு உயிரிழந்தார்.

இன்றும் அங்கே காலநிலைதான் எஜமான். நீங்கள் ஏறுமுன் விமானி உங்கள் நிறையைக் கேட்பார். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், ஆபத்து எல்லோருக்கும்தான். பிரயாண துஆவை ஓதாமல் ஏற மனம் வருமா? போய்ச் சேர்ந்ததும் கல், கட்டை, கரடி ஏதும் உண்டா என்று ஒருமுறை தாழப் பறந்து பார்ப்பார். மூடுபனி நிலத்தை மறைத்திருந்தால் இறங்காமலே திரும்பிவிடுவார். கீழே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாய் அந்த இரைச்சல் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வானம் வெளுத்ததும் அவர் மறுபடி வருவார்.