அம்மம்மாவும் ஒரு கத்தரிக்கோலும்

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மம்மாவைப் பார்க்கப் போனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நீ ஆற்ற பிள்ளை?" அம்மாவின் பெயரைச் சொல்வேன். சிரிப்பார். தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பவும் கேட்பார். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருக்கலாம். "வயசு போனால் மறதி வரும்தானே" என்றுதான் நாங்களும் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அது அல்சைமர் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன்.

அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வாசித்தவற்றில் ஒன்று 1996இல் வந்த ஆய்வுக் கட்டுரை. எழுதியவர்களின் வரிசையில் முதலாவதாக இருந்த பெயர் கோபால் தினகரன். எனக்குத் தெரிந்த தினகரன்மார் எல்லாரும் சித்தப்பாவின் கூட்டாளிகள். அவர்களில் ஒருவரும் மூளையைப் பற்றிக் கதைத்ததில்லை. உடனே தேடிப் பார்த்தேன். ஸ்காபரோவிலிருந்து காரில் போய் வரக்கூடிய குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், சிகாகோ, தென் புளோரிடா.

சில குடும்பங்களில் நாற்பது வயதிலேயே அல்சைமர் வந்துவிடும. அதற்குக் காரணமான ஒரு மரபணுவை 1995இல் கண்டுபிடித்தது எங்கள் ரொறன்ரோவில் இருந்த ஆய்வுக் குழு. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயர் பிரசெனிலின்-1. அது கலத்துக்குள் என்ன ஆகிறது என்பதுதான் தினகரனும் கூட்டாளிகளும் கேட்ட கேள்வி. மூளையில் அந்தப் புரதம் முழுசாக இருப்பதே அரிது என்று கண்டார்கள். இரண்டு துண்டாக வெட்டப்பட்டுத்தான் இருந்தது.

அந்த இரண்டு துண்டும் சேர்ந்துதான் இன்னொரு புரதத்தை வெட்டுகின்றன என்பது பிறகு தெரிய வந்தது. அம்மம்மாவின் தையல் பெட்டியில் கிடக்கும் கத்தரிக்கோல் மாதிரி: ஒரு பாதியை மட்டும் வைத்து ஒன்றும் வெட்ட முடியாது. அப்படி வெட்டுப்பட்டு வெளியே வருவதுதான் மூளையில் படியும் அமிலோயிட் பீட்டா.

அதற்கு முன்னால் முதல் வெட்டைப் போடும் நொதியம் ஒன்று இருக்கிறது, பேஸ்-1. நரம்புக் கலத்துக்குள் அது எந்த வழியால் பயணம் செய்கிறது என்றும் அவர் ஆராய்ந்திருக்கிறார். பேஸ்-1ஐத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று மருந்து செய்து பார்த்தார்கள். அமிலோயிட் குறைந்தது; ஆனால் சிலருக்கு நினைவாற்றல் இன்னும் மோசமானது. அந்தப் பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. அதை வாசித்த இரவு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"எப்ப பிள்ளை மருந்து வரும்?" என்று அம்மா கேட்டார். 2023இல் அமெரிக்காவில் லெகானமாப் என்ற மருந்துக்கு முழு அனுமதி கிடைத்தது. அது நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு. நோயை மெதுவாக்கும், மாற்றாது. அம்மம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்று சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

இந்தக் கோடையில் ஒரு ஆய்வுகூடத்தில் சேர்ந்திருக்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. தட்டுகளில் வளரும் கலங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்றுவேன். ஒருமுறை முழுத் தட்டையும் பழுதாக்கியிருக்கிறேன்.

போன ஞாயிறு அம்மம்மா என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

"கலங்களுக்குச் சாப்பாடு குடுக்கிறன், அம்மம்மா."

"எல்லாரும் வடிவாச் சாப்பிட்டினமோ?"

"ஓம்."

"நல்லது," என்று என் கையைப் பிடித்தார். "நீ ஆற்ற பிள்ளை?"