பந்தி வஞ்சனை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பணம் நுழைந்ததும் அணிகளின் ஒற்றுமை குலைந்துவிட்டது என்கிறார்கள். குலைத்தது பணமா, அதைப் பரிமாறும் விதமா?

2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி மூன்று ஆட்டங்கள் ஆடி மூன்றிலும் வென்றிருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, அணியின் நாயகனான குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா இந்தப் பருவத்தில் இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். காரணம், சம்பள பாக்கி. அணியில் சேரும்போது ஒரு லட்சம் டாலர் (சுமார் 83 லட்சம் ரூபாய்) தருவதாக உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னார், அது வந்துசேரவில்லை என்றார் அவருடைய ஏஜென்ட். இந்தக் கோரிக்கையே விதிகளுக்கும் மாநிலச் சட்டத்துக்கும் விரோதமானது என்றது பல்கலைக்கழகம். அந்தச் சனிக்கிழமை ஸ்லூகாவின் இடத்தில் ஹஜ்-மாலிக் வில்லியம்ஸ் இறங்கினார். எதிரணியான ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டை 59-14 என்று துவைத்தெடுத்தார்கள்.

படிக்க வந்த பையன் பாக்கி கேட்டு நடையைக் கட்டுவதா என்று பழைய தலைமுறை ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பணம் உள்ளே வந்தால் ஒற்றுமை வெளியே போய்விடும் என்று பல காலமாகச் சொல்லி வந்தோமே என்றார்கள். இந்தக் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. இந்த ஆட்டத்தில் ஒற்றுமை என்பது மேடைப் பேச்சுக்கான வார்த்தை இல்லை. எலும்பு முறியாமல் இருப்பதற்கான வழி.

பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு. நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்பேக் யாருக்கு எறியலாம் என்று பார்க்க இரண்டு மூன்று விநாடிதான் அவகாசம். அந்த அவகாசத்தை வாங்கித் தருவது அவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஐந்து பேர். ஒவ்வொருவரும் நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ எடை. பந்தை ஏந்தி அவர்கள் ஓடுவதே அபூர்வம். மோதலை உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் அவர்கள் வேலை. வெற்றி பெற்றால் குவார்ட்டர்பேக்கின் படம் பத்திரிகையில் வரும். தவறு செய்தால் மட்டும் இவர்களுடைய பெயரை ஒலிபெருக்கி அறிவிக்கும். ஐவரில் ஒருவர் அரை விநாடி அசந்தாலும் பின்னால் நிற்பவரின் முழங்கால் போய்விடும்.

அதனால்தான் இந்தக் கேள்வி. காப்பாற்றப்படுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர், காப்பாற்றுகிறவருக்குக் கைச்செலவுக் காசு என்று ஆனபிறகு அந்த அரை விநாடி என்ன ஆகும்? நம் ஊர்ப் பெரியவர்கள் கல்யாண வீட்டில் செய்யக்கூடாத காரியம் என்று ஒன்றைச் சொல்வார்கள்: பந்தி வஞ்சனை. சாப்பாடு போட முடியாவிட்டால் பரவாயில்லை. ஒரே வரிசையில் உட்காரவைத்து ஓர் இலைக்கு வடையும் பாயசமும், பக்கத்து இலைக்கு வெறும் ரசமும் ஊற்றக்கூடாது.

பந்தியே போடாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. 1906-ல் உருவான தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், கல்லூரி ஆட்டக்காரர் கூலிக்கு ஆடுகிறவர் அல்ல என்ற கொள்கையைக் கட்டிக் காத்தது. 1951 முதல் 1987 வரை அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொற்றொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1955-ல் கொலராடோ மாநிலத்தில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை என்று சொல்லி 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆட்டக்காரர்களைத் தொழிலாளிகள் என்று சட்டம் கருதிவிடுமோ என்ற அச்சத்தில்தான் அந்தச் சொற்றொடரை உருவாக்கினோம் என்று 1995-ல் வெளியான தன் புத்தகத்தில் பையர்ஸே எழுதினார். அதற்குள் அவர் தான் கட்டிய ஏற்பாட்டையே கண்டிக்கிறவராக மாறியிருந்தார்.

அந்தக் காலத்து ஒற்றுமையும் நினைவில் இருப்பதுபோல அத்தனை சுத்தம் இல்லை. டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பணக்கார ரசிகர் ஒருவர் கொடுத்த நிதியிலிருந்து 13 ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாக மாதப்படி போனது. ஒருவருக்கு 50 டாலர், இன்னொருவருக்கு 725 டாலர் என்று ஆளுக்கு ஒரு விலை. மொத்தம் சுமார் 61,000 டாலர். விஷயம் வெளியே வந்ததும் 1987 பருவம் முழுவதும் அந்த அணி ஆடக்கூடாது என்று சங்கம் தண்டனை விதித்தது. பணம் வாங்கியவர்கள் 13 பேர். ஆட்டத்தை இழந்தது மொத்த அணி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே பட்டுவாடாவைத் தொடர்ந்தோம் என்று ஒப்புக்கொண்டவர் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ். அப்போது அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர்.

பணத்தால் அணி உடையும் என்ற பயம் பயிற்சியாளர்கள் விஷயத்தில் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. 2021 நவம்பர் இறுதியில் நோட்டர் டேம் அணிக்கு சாம்பியன் பட்டப் போட்டியில் நுழையும் வாய்ப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதன் பயிற்சியாளர் பிரையன் கெல்லி பத்தாண்டுகளுக்கு சுமார் 9.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 2025 அக்டோபரில் அங்கே அவரை நீக்கினார்கள். அடுத்த மாதமே அதே நாற்காலிக்கு லேன் கிஃபின் வந்தார். பன்னிரண்டில் பதினோரு ஆட்டம் வென்று பட்டப் போட்டிக்குத் தயாராக நின்ற மிசிசிபி அணியை விட்டுவிட்டு. தலைவன் பாதியில் போனால் தொழில் தர்மம். பையன் பாதியில் போனால் துரோகம். பணம் ஒற்றுமையைக் கெடுக்கும் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் என்பதை மாணவர்கள் கவனிக்காமல் இல்லை.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, சங்கத்தின் கட்டுப்பாடுகள் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல என்று தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. விளம்பரம் என்ற பெயரில் ரசிகர் நிதியங்கள் ஆட்டத்துக்கே விலை பேசத் தொடங்கின. அதே ஆண்டு, வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும் என்ற விதியை ஒருமுறைக்குத் தளர்த்தினார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. பணமும் வந்தது, தங்க வேண்டிய கட்டாயமும் போனது. அணி கலைவதற்கு எது எவ்வளவு காரணம் என்று இப்போது பிரித்துச் சொல்வது கடினம்.

பந்தி பரிமாறப்பட்ட விதங்களைப் பார்த்தால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். அமெரிக்க அணிகளில் உதவித்தொகை இல்லாமல் சொந்தக் காசில் படித்துக்கொண்டே பயிற்சிக்கு வரும் மாணவர்கள் உண்டு. 'வாக்-ஆன்' என்று பெயர். வாரமெல்லாம் எதிரணி வேஷம் கட்டி அடிவாங்குவார்கள். ஆட்டத்தன்று பெரும்பாலும் ஓரமாக நிற்பார்கள். 2021 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஓர் உணவு நிறுவனம் ஒப்பந்தம் போட்டபோது நட்சத்திரங்களைத் தேடிப் போகவில்லை. அணியிலுள்ள 123 பேருக்கும் பணம் என்றது. 36 வாக்-ஆன்களுக்கும் கல்விக் கட்டணத்துக்கு ஈடான தொகை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் அந்த ஆண்டின் இறுதியில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் நிற்கும் மதில் வீரர்களுக்கு, உதவித்தொகை பெறும் ஒவ்வொருவருக்கும், ஆண்டுக்கு 50,000 டாலர் அறிவித்தார்கள். யாருக்குப் பெயர் கிடைக்காதோ அவருக்கு முதல் இலை.

சமமாகக் கொடுத்தால்தான் ஒற்றுமை என்றும் சொல்லிவிட முடியாது. ஒஹாயோ ஸ்டேட்டின் 2024 அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் போனது என்று அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். அது எல்லோருக்கும் ஒரே பங்காகப் போயிருக்காது. நவம்பர் 30 அன்று பரம எதிரியான மிஷிகனிடம் 10-13 என்று தோற்று, சொந்த ரசிகர்களே திட்டித் தீர்த்தபோது, கூலிப்படை இதோடு கலைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த அணி அடுத்த நான்கு ஆட்டங்களையும் வரிசையாக வென்று 2025 ஜனவரியில் பட்டத்தைத் தூக்கியது. தொழில்முறை அணிகளுக்குப் போயிருக்கக்கூடிய மூத்த மாணவர்கள் பலர் இன்னோர் ஆண்டு தங்கியதுதான் பலம் என்றார்கள். அவர்கள் தங்குவதற்கு ஒரு காரணம், தங்கினாலும் சம்பாதிக்கலாம் என்பது. அங்கே பணம் அணியைக் கலைக்கவில்லை, கட்டிவைத்தது.

டென்னசியில் நேர் எதிர். 2025 ஏப்ரலில் குவார்ட்டர்பேக் நிக்கோ இயமலியாவா ஒருநாள் பயிற்சிக்கு வரவில்லை. கூடுதல் பணம் கேட்டுப் பேச்சு நடக்கிறது என்று செய்திகள் வந்தன, குடும்பம் மறுத்தது. அணியைவிடப் பெரியவர் யாருமில்லை என்று சொல்லிப் பயிற்சியாளர் அவர் இல்லாமலே முன்னே போனார். இயமலியாவா லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த ஜோயி அகிலார் டென்னசிக்கு வந்தார். சுத்தமான பண்டமாற்று. இதில் சக ஆட்டக்காரர்களுக்கு என்ன தெரியும்? அவர் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கேட்டார், கேட்டாரா இல்லையா என்பதையெல்லாம் அவர்களும் ஊராரைப் போலப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதே ஏலத்தில் 30 லட்சத்துக்கு எடுக்கப்பட்டவர்களும் உண்டு. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்திலும் யார் சம்பளம் எவ்வளவு என்பது ஊரறிந்த விஷயம்; குறைந்தபட்சச் சம்பளமும் அணிக்கான உச்சவரம்பும் ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி முடிவானவை. வித்தியாசம் மலையளவு இருந்தாலும் விதி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கல்லூரி அணியில் விதியும் தெரியாது, விலையும் தெரியாது. தெரியாத இடத்தில் ஊகம் குடியேறும். பக்கத்து மேஜைக்காரரின் சம்பளக் கவரைப் பற்றி அலுவலகத்தில் பேசிக்கொள்வது போல உடை மாற்றும் அறையில் பேசிக்கொள்வார்கள். மதில் வீரனை உறுத்துவது குவார்ட்டர்பேக்கின் பத்து லட்சம் அல்ல. அது பத்தா இருபதா, தனக்கு ஏன் இல்லை, யாரைக் கேட்பது என்று தெரியாததுதான் உறுத்துகிறது.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசம் இந்தக் குழப்பத்தில் பாதியைச் சட்டபூர்வமாக்கியது. பழைய பாக்கிக்காக 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் கொடுபடும். அந்த ஜூலை முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பல இடங்களில் அதில் முக்கால் பங்கு கால்பந்துக்கு. ஆனால் அதே சமரசம் கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் வரம்பு கட்டியது. ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இனி வருகிற நூற்று ஆறாவது ஆளுக்குப் பந்தியில் இடமே இல்லை. எந்தக் காசும் வாங்காமல் அணியின் பெயருக்காகவே அடிவாங்கிக்கொண்டிருந்த வாக்-ஆன்தான் அந்த நூற்று ஆறாவது ஆள்.

உச்சவரம்பு நிர்ணயமாகிவிட்டது. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது மூடிய அறையில்தான் முடிவாகிறது. கல்லூரிக் கால்பந்து ஆடுகிறவர்களில் தொழில்முறை அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு இந்த நான்கைந்து ஆண்டுகள்தான் சம்பாத்தியம். முழங்கால் வலியும் தலையில் வாங்கிய அடியும் அதற்குப் பிறகும் கூடவே வரும். அவர்களுக்குள் ஒற்றுமை நிலைக்க வேண்டும் என்றால் பங்கீட்டைப் பற்றி அவர்களையே உட்காரவைத்துக் கேட்பதுதான் வழி.

ஒரே ஒருமுறை அப்படிக் கேட்கப்பட்டது. சிகாகோ அருகேயுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கெய்ன் கோல்டர் என்ற குவார்ட்டர்பேக் தொழிற்சங்கம் வேண்டும் என்று கிளம்பினார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது சம்பளம்கூட இல்லை. அடிபட்டவர்களுக்குப் படிப்பு முடிந்த பிறகும் வைத்தியச் செலவு. பருவத்தின்போது வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் உழைக்கும் இவர்கள் ஊழியர்களே என்று 2014 மார்ச்சில் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி முடிவு சொன்னார். சங்கம் வேண்டாம் என்று பயிற்சியாளர் மாணவர்களுக்கு எழுதினார். தெரிந்தவர்கள் மீதான நம்பிக்கையை எடுத்துத் தெரியாத மூன்றாமவரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பது அவர் வாதம். அந்த ஏப்ரலில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. வாக்குரிமை 76 பேருக்கு.

இது எங்கள் வரம்பில் வராது என்று 2015 ஆகஸ்டில் தேசியத் தொழிலாளர் வாரியம் கைகழுவியது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை.