நான் நடத்தாமல் விட்ட பத்தி

மூன்று மாதமாக டீச்சரைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்தது. இப்போது நலம்.

ஐந்தாம் வகுப்பில் ஜீரண மண்டலம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் என்று காட்ட, சுவருக்குச் சுவர் கயிறு பிடிக்கச் சொல்வேன். பாடத்தின் கடைசியில் 'மலம்' என்று வந்ததும் எல்லோரும் சிரிப்பீர்கள். நானும் கூச்சப்பட்டு, "அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுவேன்.

மூன்று வருடமாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பும். கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடிப்பேன். பாதம் மரத்துப்போகும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். பிறகு ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பது வழக்கம்தான். ஆனால் மாத்திரை தீர்ந்து பல நாள் கழித்தும் தார் மாதிரி, கெட்ட நாற்றத்தோடு போனது. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு விடிகாலையில் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் 6.

"எத்தனை நாளாகக் கறுப்பாகப் போகிறது?" என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் மகன். "இரண்டு நாள்" என்றேன். மருமகள்தான் குறுக்கிட்டாள்: "இல்ல டாக்டர். ஒரு மாசமா அத்தை பாத்ரூமை ரெண்டு ரெண்டு தடவை கழுவிட்டு வராங்க."

வாய் வழியாக ஒரு குழாய், கீழ்வழியாக ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. சிறுகுடலின் பெரும்பகுதிக்கு அந்தக் குழாய்கள் எட்டாதாம். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தபோதுதான் சிறுகுடலின் மேல்பகுதியில் வரிசையாகப் பைகள் தெரிந்தன. ஒன்றில் ரத்தக் கசிவு. தேய்ந்த டயரில் ட்யூப் புடைக்குமே, அதுபோலக் குடலின் உட்சவ்வு தசையின் பலவீனமான இடத்தில் வெளியே பிதுங்குவதுதான் 'டைவர்ட்டிகுலா'. பையில் உணவு தேங்கிக் கிருமி பெருகி, உடம்புக்குச் சேரவேண்டிய பி12 சத்தையும் தின்றுவிடும். உப்புசமும் பாதம் மரத்ததும் அதனால்தானாம்.

தொந்தரவு தராத பைகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. என்னுடையது ரத்தம் கசிந்ததால் 40 செ.மீ. குடலை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். 6 மீட்டரில் அது போனது உடம்புக்குத் தெரியவில்லை. பி12 ஊசி மட்டும் தொடர்கிறது.

அன்று விட்ட பத்தியை இன்று நடத்துகிறேன். மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று போனில் கேட்கிறீர்களே, அதோடு இதையும் கேளுங்கள். முதலில் திட்டுவார்கள். பிறகு சொல்வார்கள்.

என் மருமகள் என்னிடம் படித்தவள் அல்ல. ஆனால் இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவள் அவள்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்